பெரியப்பாவின் புகைக்குழாய்

நான் சிட்னியிலிருந்து மெல்பேணுக்கு வேலைக்கு வந்த அன்று, பெரியப்பாதான் விமான நிலையத்துக்குக் கார் கொண்டு வந்திருந்தார். முன் இருக்கையில் எஞ்சினில் பூட்டுகிற ஒரு புகைக்குழாய் சாய்ந்திருந்தது. அதற்கு பெல்ட்டும் போட்டிருந்தார்.

சூட்கேசை டிக்கியில் வைத்துவிட்டு, முன்கதவைத் திறந்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"பின்னுக்கு ஏறு, பிள்ளை. அது உருண்டுதெண்டால் நெளிஞ்சுபோம்" என்றார்.

பின்னுக்கு ஏறினேன். பெரிய வீதிக்கு வரும்வரை அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். ஹோம்புஷில் எங்கள் அடுக்குமாடியின் லிப்டைத் திருத்திவிட்டார்களா என்று கேட்டார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குத்தானே வந்திருக்கிறேன் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். ஓம் என்றேன்.

"மனுசரை மட்டும்தானோ எடுக்கிறனீங்கள்?"

கேள்வி விளங்கவில்லை. வேறு யாரை எடுப்பது என்று கேட்டேன்.

"ஆக்களைச் சொல்லேல்லை. ஒரு இரும்புச் சாமானை வைச்சு எடுக்க ஏலுமோ?"

"ஏலாது, பெரியப்பா."

"ஏலாதோ, விடமாட்டினமோ?"

"விடமாட்டினம்."

"அப்ப ஏலும்" என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் ஆட்கள் குறைவாகத்தானே இருப்பார்கள் என்று கேட்டார்.

பேச்சை மாற்றுவதற்காக, அந்தக் குழாய் எந்தக் காருடையது என்று கேட்டுவைத்தேன்.

"காருக்கில்லை. பிளேனுக்கு."

"ஆற்றை பிளேன்?"

"என்ர."

பெரியப்பா ஏதோ பறக்கிற சாமான் செய்கிறார் என்று நான் புறப்படும்போதே அம்மா சொல்லியிருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, கேட்டால் அந்த மனுசன் நிப்பாட்டாது என்றும் சொல்லியிருந்தார். இப்போது கேட்டாயிற்று. அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் குழாயின் ஒரு முனையைத் தட்டிக் காட்டினார்.

"வெடிச்சுப்போச்சு. இதோட ரெண்டு. ரெண்டும் ஒரே இடத்தில."

"ஏன் வெடிக்குது?"

"அது தெரிஞ்சால் உன்னை ஏன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுறன்?"

அவர் குரலில் என்மேல் உண்மையான எரிச்சல் இருந்தது. வெரிபீயில் வீட்டு வாசலில் இறங்கியபோது சூட்கேசை நான் தூக்கினேன். அவர் குழாயைத் தூக்கினார்.

பெரியப்பாவின் பெயர் யோகேஸ்வரன். அம்மாவின் அக்கா நாகேஸ்வரியின் கணவர். உணவகக் குசினிகளுக்கு எவர்சில்வரில், அவர் சொல்வதுபோல் சில்வரில், மேசையும், தொட்டியும், அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் கூடும் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. மெல்பேணில் நீங்கள் கொத்து ரொட்டி சாப்பிட்ட கடைகளில் பாதியிலாவது அவர் கையால் ஒட்டிய தகடு இருக்கும். எங்கே சாப்பிடப் போனாலும் முதலில் குசினிக்குள் எட்டிப் பார்த்து, மூலை ஒட்டு எப்படியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கதிரையில் உட்காருவார். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்கியது. உலோகத்தைப் பற்றி அவருக்கு யார் என்ன சொன்னாலும், "எனக்கு சில்வர் தெரியும்" என்ற ஒரு வசனத்தோடு கதை முடிந்துவிடும்.

வெரிபீக்கு மேற்கே, வயல்வெளிக்கு நடுவில் ஒரு சிறிய விமானத் திடல் இருக்கிறது. வார இறுதியில் பறப்பவர்களின் சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. பெரியப்பா அங்கேதான் விமானம் ஓட்டப் பழகி உரிமம் எடுத்தார். ஆனால் வாடகை விமானம் அவருக்குப் பிடிக்காது. ஆரோ இருந்த கதிரையில் இருந்து பறக்கிறதோ என்பார். அதனால் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒன்றைத் தானே செய்யத் தொடங்கினார். உடலும் சிறகுகளும் வீட்டுக் கராஜில்தான் உருவாயின. அந்த வருடங்களில் பெரியம்மாவின் பெரிய பிரீசர் விருந்தினர் அறையில் இருந்தது. கார்கள் மழையில் நின்றன. பிறகு எல்லாவற்றையும் திடலுக்குக் கொண்டுபோய், சங்கத்தின் கொட்டகையில் ஒரு மூலையில் சிறகுகளைப் பொருத்தினார். பொருத்திய பிறகு அது திரும்பக் கராஜுக்குள் போகாது. பெரியம்மா அன்றே பிரீசரைக் கராஜில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எஞ்சின், மோதி நொறுங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து எடுத்தது. அதை ரோட்டரி என்கிறார்கள். மற்ற எஞ்சின்களைப்போல அதற்குள் மேலும் கீழும் போய்வரும் துண்டுகள் இல்லை. முக்கோணம் போன்ற ஒரு கட்டை ஒரு கூட்டுக்குள் சுழன்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். பாரம் குறைவு, நடுக்கம் குறைவு. உடைய ஒண்டுமில்லை என்று பெரியப்பா சொல்வார். எஞ்சினைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அதன் புகை மற்ற எஞ்சின்களின் புகைபோல இல்லை. உள்ளே எரிந்து முடியாமல், வெளியே வரும்போதும் எரிந்துகொண்டே வருகிறது. குழாய் சில நிமிடங்களில் அடுப்புக் கம்பிபோலச் சிவக்கும். சத்தமோ, தகரக் கூரையில் யாரோ இடைவிடாமல் பட்டாசு கொளுத்துவதைப்போல. சங்கத்தில் மற்ற எல்லோரும் விமானத்துக்கென்றே செய்த எஞ்சினையும், அதற்கென்றே விற்கிற குழாயையும் வாங்கிப் போட்டுவிட்டுப் பறந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் எஞ்சினுக்கு அப்படிக் குழாய் கடையில் கிடைக்காது. தானே செய்ய வேண்டும். செய்தார். வெடித்தது. திரும்பச் செய்தார். திரும்ப வெடித்தது.

நான் அந்த வீட்டில் தங்கியிருந்த காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் வேறு கதை இல்லை. தகடு மெல்லிசாகப் போய்விட்டது என்றார். அடுத்ததைத் தடிப்பாகச் செய்தார். தாங்கும் கொழுக்கி இறுக்கமாக இருந்தது என்றார். அதை இளக்கினார். பிறகு, வெல்டிங் கம்பி கூடாது. பிறகு, காற்றில் ஈரம். ஒருமுறை பெரியம்மா, ரோட்டரி எஞ்சின் போட்ட மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் என்ன என்றார்.

"அவங்கள் சில்வர் வேலை செய்யிற ஆக்களே, நாகேஸ்?"

"இல்லை. ஆனால் அவங்கட பிளேன் பறக்குதாம்."

பெரியப்பா எழும்பிக் கை கழுவப் போய்விட்டார்.

என் ஓய்வு நாட்கள் எப்படிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். அவரைத் தனியே திடலுக்கு விட பெரியம்மாவுக்கு மனமில்லை. நெருப்புப் பற்றினால் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட அனுப்புவார். எரிபொருள் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அப்படித்தான் சனிக்கிழமைகளில் ஒரு மடக்குக் கதிரையும் ஃபிளாஸ்க்கில் தேநீரும் காதுக்கு அடைப்பானுமாக அந்தக் கொட்டகையில் உட்காரத் தொடங்கினேன்.

அவர் ஒரு குழாயைத் தொடங்குகிற விதம் எனக்கு இப்போது மனப்பாடம். வெட்ட வேண்டிய இடங்களை மார்க்கர் பேனாவால் கோடிடுவார். அதற்கு முன்னால் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, குழாயின் தலைப்பில், எஞ்சினோடு சேருகிற பக்கத்தில், ஒரு பிள்ளையார் சுழி போடுவார். கடிதம் எழுதினாலும் கடைச் சாமான் எழுதினாலும் மேலே சுழி போடுகிற ஆட்கள்தானே நாங்கள். பட்டறையில் செய்கிற ஒவ்வொரு மேசைக்கும் அடிப்பக்கத்தில் அவர் அதைப் போட்டிருக்கிறார். அதற்கும் ஏன் மார்க்கர் பேனாவைப் பாவிக்கக் கூடாது என்று ஒருமுறை சும்மா கேட்டேன்.

"மணந்து பார். சாராய மணம். அதால பிள்ளையாருக்குப் போடுறதே?"

ஏன் தலைப்பில்தான் போட வேண்டும் என்றும் கேட்டேன். தொடக்கம் எதுவோ அங்கேதானாம். புகை அந்தப் பக்கத்தால்தானே உள்ளே வருகிறது என்றார்.

ஒரு குழாய் வெடித்தால் அதைக் கழற்றி, கொட்டகைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார். அடுத்த குழாய்க்குச் சுழியைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவார். பென்சிலை அழுத்தி, ஒருமுறைக்கு இரண்டு முறை அதன்மேலேயே இழுப்பார். ஐந்தாவது குழாயில் அது என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

அந்த ஐந்தாவது குழாய், சங்கம் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிற நாளில் வெடித்தது.

அன்று எஞ்சினை ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னேன். பெரியம்மாவும் போனில் சொன்னார். பிள்ளைகுட்டிகளோடு சனம் வந்திருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் வெங்காயமும் சொசேஜும் பொரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு சிறுமி இந்த விமானம் பறக்குமா என்று பெரியப்பாவிடம் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு யார் சொல்லி நிறுத்துவது. விமானத்தை வெளியே தள்ளி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினைத் தொடக்கினார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்கள். குழாய் சிவந்தது. பிறகு அதன் தலைப்பில் ஒரு வெடிப்புத் திறந்து, அதற்குள்ளிருந்து நீல நெருப்பு ஒரு நாக்கைப்போல வந்து, பக்கத்தில் போகிற, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயைச் சுட்டது. அது பிளந்து முன்பக்கம் முழுவதும் நீராவி மூடியது. சங்கத்துக்காரர் ஒருவர் தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அடித்தார். வெள்ளைத் தூள் விமானத்தின்மேலும், பெரியப்பாவின்மேலும், காற்றோடு போய் வெங்காயத் தட்டின்மேலும் விழுந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த கிழமை சங்கத்தின் குழு கூடி முடிவெடுத்தது. இன்னும் ஒரே ஒரு முறைதான். அடுத்த குழாயைப் பூட்டி, குழுவின் முன்னால் முழுச் சக்தியில் ஒரு மணிநேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். அது வெடித்தால் வழக்கமான எஞ்சின் ஒன்றைப் போட வேண்டும், அல்லது விமானத்தைக் கொட்டகையிலிருந்து எடுக்க வேண்டும். வழக்கமான எஞ்சினுக்கு அந்த முன்பக்கம் பொருந்தாது. எடுத்துக்கொண்டு போக வேறு இடமும் இல்லை. சிறகுகளை அறுத்துத் துண்டு துண்டாக விற்பதுதான் மிச்சம். பெரியப்பா இதை எங்களுக்குச் சொன்னபோது முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் முதல் தடவையாகக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெரியம்மா, கத்தரிக்காய்க்கு உப்புக் காணுமோ என்று மூன்று தரம் கேட்டார்.

குழு, கொலின் என்பவரையும் அனுப்பியது. விமானங்களைத் திருத்துவதே தொழிலாக இருந்து ஓய்வுபெற்றவர். புதிய குழாயைப் பூட்டுமுன் அவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. சங்கத்தில் எல்லோரும் பெரியப்பாவை யோகி என்றுதான் கூப்பிடுவார்கள். கொலின் மட்டும் அப்படிக் கூப்பிட மறுத்தார். யோகி என்றால் அமைதியான ஆள் என்று தான் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார்.

அவர் வந்த சனிக்கிழமை நான் என் மடக்குக் கதிரையில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா தகட்டின் தடிப்பையும், கொழுக்கியையும், காற்றின் ஈரத்தையும் பற்றி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே இருந்தார். கொலின் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. சுவரில் தொங்கிய ஐந்து குழாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, தலைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தரையில் வரிசையாக வைத்தார். பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் என்ன வைக்கிறாய் என்று கேட்டார். பெரியப்பா, ஒன்றும் வைப்பதில்லை என்றார். ஏதாவது பூசுகிறாயா? இல்லை. சுத்தியலால் தட்டுகிறாயா? தனக்கு சில்வர் தெரியும் என்றார் பெரியப்பா.

நான் இருந்த இடத்திலிருந்து ஐந்து வெடிப்புகளும் ஒன்றாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வட்டத்தில் தொடங்கி, வளைந்து கீழே இறங்கி, வலப்பக்கம் நேராக ஓடி நின்றது. முதலாவது சிறியது. அடுத்தது கொஞ்சம் பெரியது. ஐந்தாவது என் உள்ளங்கை அளவு.

மற்றவர்கள் பேசும்போது நடுவில் போகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் எத்தனை சனிக்கிழமைகளை அந்தக் கதிரையில் இழந்திருந்தேன்.

"பெரியப்பா, அதிலதானே நீங்கள் சுழி போடுறனீங்கள்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக் கதையை வெளியில் சொல்லிவிட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. கொலின் என்னிடம், என்ன சொன்னாய் என்று கேட்டார். எந்த வேலையையும் தொடங்குமுன் நாங்கள் ஒரு எழுத்தைப் போடுவோம், பெரியப்பா அதை அந்த இடத்தில் போடுவார் என்றேன். எதனால் என்று கேட்டார். பென்சிலால் என்றேன்.

கொலின் பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

பென்சிலில் இருப்பது கரி. சில்வர் அந்தளவுக்குச் சூடாகும்போது கரி அதற்குள் இறங்கி, இறங்கிய இடத்தை மட்டும் பிஸ்கட்போல ஆக்கிவிடும். பிறகு சூட்டில் விரிந்து சுருங்கும்போது அந்த இடம்தான் முதலில் பிளக்கும். விமானத் திருத்த வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் கிழமையிலேயே சொல்லுகிற விஷயமாம், புகைக்குழாயில் பென்சிலால் எதையும் எழுதாதே என்று. இதை அவர் பொறுமையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஐந்தாவது குழாயைக் கையில் எடுத்து, அந்த வெடிப்பின் வளைவில் விரலை ஓடவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

குசினி மேசைக்கடியில் எத்தனை சுழி போட்டாலும் ஒன்றும் ஆகாது. மேசை சிவக்கும்வரை சூடாவதில்லை. அதுதான் பெரியப்பாவுக்குத் தெரிந்த சில்வர்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரி என்று நான் நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியப்பா ரயில்வே கடவையில் காரை நிறுத்தினார். கடவைக் கதவு மூடியிருந்தது. ரயிலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப, பிள்ளையார்தான் வெடிக்க வைச்சவர் எண்டு சொல்லுறியோ?"

"பிள்ளையார் இல்லை, பெரியப்பா. பென்சில்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"ரெண்டும் ஒண்டில்லை."

"நீ எக்ஸ்ரே எடுத்திருந்தால் இது எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

ரயில் போய்க் கதவு திறந்தது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் வெடித்த குழாய்களைவிட மோசமானவை. சோக்கால் எழுதலாம், ஒன்றும் செய்யாது என்று கொலின் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு அது சரிவரவில்லை. சோக் அழிந்துபோகுமாம். அழியத்தானே வேணும் என்று நான் சொன்னேன். அழியிறதுக்கே ஒரு ஆள் சுழி போடுறது என்று கேட்டார். முன்னால் சுழல்கிற விசிறி மரத்தால் செய்ததுதானே, அதில் போடுங்கோ என்றேன். விசிறி தொடக்கம் இல்லையாம். பெரியம்மா கோயில் குருக்களுக்குப் போன் எடுத்துக் கேட்டார். குருக்கள், மனதில் நினைத்துக்கொண்டாலே போதும், சுவாமிக்கு எழுத்துத் தேவையில்லை என்று சொன்னாராம். பெரியம்மா அதை வெற்றியோடு வந்து சொன்னார்.

"மனசில நினைச்சால் காணுமெண்டால், பிளேனையும் மனசில ஓட்டலாமே" என்றார் பெரியப்பா.

"இஞ்சேருங்கோ, நீங்கள் இவ்வளவு காலமும் அப்பிடித்தானே ஓட்டினனீங்கள்" என்றார் பெரியம்மா.

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அந்த வீட்டில் நான் அனுபவித்த மிக அமைதியான இரண்டு நாட்கள் அவைதான்.

ஒன்றை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிடிவாதம் என்று நாங்கள் அலுத்துக்கொண்டாலும், அவர் விளையாட்டுக்கு நிற்கவில்லை. சுழி போடாமல் அவர் ஒரு வேலையைத் தொடங்கியதே இல்லை. இந்தக் குழாயோ அவருக்குக் கிடைத்த கடைசிக் குழாய். வாழ்நாளிலேயே முக்கியமான வேலையை மட்டும் சுழியில்லாமல் செய் என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். அவர் குழாய்த் துண்டை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, வெட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை இரண்டு சனிக்கிழமைகள் நான் கண்டேன். மூன்றாவது சனிக்கிழமை போனபோது குழாய் வெட்டி வளைத்து ஒட்டியாகிவிட்டிருந்தது. எப்படித் தொடங்கினார் என்று நான் கேட்கவில்லை. கொலின் அதன் தலைப்பை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சுத்தம் என்று சொல்லிச் சம்மதித்தார்.

குழுவின் முன்னால் ஓட்டிக் காட்டிய நாள் காற்றில்லாத, குளிர்ந்த நாள். குழுவினர் நாற்காலிகளைக் காதுக்குப் போதுமான தூரத்தில் போட்டுக்கொண்டார்கள். தீயணைப்புச் சிலிண்டர் வைத்திருந்தவர் பின்னைக் கழற்றியபடியே நின்றார். எஞ்சின் தொடங்கியது. குழாய் மங்கலாகச் சிவந்து, பிறகு நன்றாகச் சிவந்து, அப்படியே நின்றது. பெரியப்பா உள்ளே கதிரையில் நேராக உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலைப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழுத் தலைவி பாதியில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டார். எஞ்சின் நின்று, எல்லாம் ஆறிய பிறகு, கொலின் டோர்ச் லைட்டும் சின்னக் கண்ணாடியும் கொண்டுபோய்க் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மயிர் வெடிப்பும் இல்லை என்றார்.

விமானம் கொட்டகையிலேயே இருக்கிறது. இப்போது பறக்கவும் பறக்கிறது. நல்ல வெயில் நாட்களில் வீட்டுப் பின்முற்றத்தில் உடுப்புக் காயப்போடும்போது அந்தப் பட்டாசுச் சத்தம் தூரத்தில் கேட்கும். பெரியம்மா அண்ணாந்து பார்க்காமலே, "அந்தா போகுது" என்பார். சத்தத்தைப் பற்றிப் பக்கத்துப் பண்ணைக்காரர் முறைப்பாடு செய்திருக்கிறார். பெரியப்பா இப்போது சத்தத்தைக் குறைக்கும் கூடு ஒன்று செய்கிறார். அதன் உள்தட்டுகள் கழன்று பறந்துவிடுகின்றன. சாப்பாட்டு மேசையில் இப்போது அந்தக் கதைதான். நான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடப் போனால் தப்ப முடியாது.

குழுவுக்கு ஓட்டிக் காட்டிய அந்தக் காலையில் நடந்தது கொலினுக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

மற்றவர்கள் வருமுன் நாங்கள் இருவரும் கொட்டகைக்குப் போய்விட்டோம். பெரியப்பா குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனபோது அவர் வேலையை முடித்துவிட்டு, கையில் நட்டு முறுக்கும் சாவியோடு நின்றார். குழாயின் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. பென்சிலால். இதுவரை அவர் போட்டதில் மிகச் சிறியது, என் சுண்டுவிரல் நகம் அளவுதான் வரும்.

எனக்கு வந்த கோபத்தில் தேநீரைக் கீழே வைக்க இடம் தேடினேன். இத்தனை கிழமைக் கதைக்குப் பிறகுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் குழு வந்துவிடும், இந்த விமானத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது என்றார். பூட்டி முடித்த பிறகுதான் கண்டாராம். பென்சில் அவர் காதில்தான் இருந்தது.

மேசையிலிருந்த, கறை கழுவுகிற அசிட்டோன் போத்தலையும் ஒரு துணியையும் எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் போட்டதை நான் அழிக்கக் கூடாது, பிள்ளை. நீ துடைச்சுவிடு. ஒரு பொட்டும் இருக்காமல் நல்லாத் துடை. நான் வெளியில நிக்கிறன், முடிஞ்ச உடனை கூப்பிடு."